ஒடியல் மாவுக்குள் போன கமரா

தண்ணீரைக் கிட்டக் காட்டு என்று அக்கா சொன்னாள். காட்டினேன். சற்று அதிகமாகவே கிட்டக் காட்டிவிட்டேன்.

அக்கா டென்மார்க்கில் இருக்கிறாள். புங்குடுதீவில், இறுப்பிட்டியில், எங்கள் வளவுக்குள் நான் இருக்கிறேன். ஆனால் வளவை நிர்வகிப்பது அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோல் எடுப்பாள். நான் போனைத் தூக்கிக்கொண்டு அவள் சொல்கிற பக்கமெல்லாம் நடக்க வேண்டும்.

"முருங்கையைக் காட்டு. மேலை, மேலை. காய்ச்சிருக்கே? சரி, வேலிப்பக்கம் போ. அது ஆர்ர மாடு? ஏன் எங்கட வளவுக்கை நிக்குது? துரத்தடா, நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

மாட்டைத் துரத்துவேன். ஒரு கையில் அக்கா, மறு கையில் பூவரசந் தடி. ஐம்பதைத் தாண்டிய, நாலு நல்ல புத்தகம் வாசித்த, கூட்டுறவுச் சங்கத்தில் கைபிடி வைத்த கதிரையில் இருக்கிற ஒருவன் இப்படித் தெரிவதை அயலவர்கள் வேலிக்கு மேலால் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆரம்பத்தில் சிரித்தார்கள். இப்போது அவர்களும் அக்காவுக்குக் கை காட்டுகிறார்கள்.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் கிணறுகள் வற்றத் தொடங்கும். மிஞ்சுகிற தண்ணீர் உவர்க்கும், நிறமும் மாறும். அந்த ஞாயிறு அக்காவுக்கு அதுதான் கவலை. கிணற்றுக் கட்டில் நிறைந்த வாளி இருந்தது.

"மஞ்சளாய் இருக்கோ? எனக்குத் தெரியேல்லை. கிட்டக் காட்டு."

என் கைகள் நடுநிலைமையானவை. பிடிப்பதா விடுவதா என்ற கேள்வியில் அவை எந்தப் பக்கமும் சாய்வதில்லை. போன் வாளிக்குள் இறங்கியது. அப்போதும் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து "மஞ்சள் இல்லை" என்று ஒரு குரல் குமிழியிட்டு வந்ததாக என் மனைவி இன்றுவரை சாதிக்கிறாள். நான் அதை நம்பவில்லை. அக்காவைத் தெரிந்தவர்கள் நம்புகிறார்கள்.

ஒரு போன் நனைவது உலகத்தில் பெரிய விசயம் அல்ல. ஆனால் அடுத்த கிழமை எங்கள் பிள்ளையார் கோயிலில் கொடியேற்றம். கொடியேறினால் ஆறாம் திருவிழா வரும். ஆறாம் திருவிழா அக்காவினுடையது.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் உபயம். ஆறாம் நாள் அப்பாவினுடையதாக இருந்தது. அவருக்குப் பிறகு அக்கா அதை எடுத்தாள். செலவை அவள் அனுப்புவாள். உபயகாரராகச் சால்வை கட்டி முன்னுக்கு நிற்பது நான். சுவாமி எழுந்தருளுவதை அவள் போனில் பார்ப்பாள். பல வருடமாக இப்படித்தான் நடந்தது. போன வருடம் அத்தான் செத்துப்போனார். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரை அந்த வீட்டார் திருவிழாச் செய்வதில்லை. ஆறாம் நாளைக் கோயில் தன் செலவில் செய்தது. அக்கா போனில்கூடப் பார்க்கவில்லை. பார்ப்பதும் கும்பிடுவதும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டாள்.

இந்த வருடம் திவசம் முடிந்துவிட்டது. நேரில் வருகிறேன் என்று நின்றாள். இதயத்தைப் பார்க்கிற டொக்டர் விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கோல் எடுத்து, "பரவாயில்லை, நீ வடிவாக் காட்டுவாய்தானே" என்று மட்டும் கேட்டாள். வளவைச் சுற்றும்போது கேட்கிற குரல் அல்ல அது. ஓம் என்றேன்.

அந்த ஓம்தான் இப்போது வாளிக்குள் கிடந்தது.

நனைந்த போனை அரிசிக்குள் புதைக்க வேண்டும் என்பது ஊரறிந்த வைத்தியம். மனைவியும் அதைத்தான் சொன்னாள். நான் அதை வாசித்திருந்தேன். வாசித்ததோடு நிற்காமல் யோசித்தும் விட்டேன். வாசிப்பவர்களின் வியாதி அது. அரிசி தண்ணீரை இழுக்கும் என்றால், அரிசியைவிட அதிகமாக இழுக்கிற ஒன்று ஏன் கூடாது? எங்கள் குசினியில் ஒரு பேணி நிறைய ஒடியல் மா இருந்தது. பனங்கிழங்கைக் கிழித்து, வெயிலில் எலும்புபோலக் காயவைத்து, இடித்து அரித்த மா. அதில் ஒரு கைப்பிடியைக் கூழ்ப் பானைக்குள் போட்டால் பானைத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். நனைந்த போனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"மா உள்ளை போகாதோ?" என்று மனைவி கேட்டாள்.

"தண்ணி வெளியாலை வரும். மா உள்ளை போகாது" என்றேன். இரண்டும் ஒரே வழியால்தான் போய்வர வேண்டும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

போனை மாப்பேணிக்குள் புதைத்து, மூடியும் போட்டு, வெயிலில் வைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் எடுத்தபோது அது பால்மா குடித்த குழந்தை மாதிரி வெள்ளையாக இருந்தது. துடைத்து உயிர் கொடுத்தேன். கொடுத்தவுடன் வந்தது. கோல் போனது, பாட்டுப் பாடியது, முன்பக்கக் கமரா என் முகத்தை இரக்கமில்லாமல் காட்டியது. வெற்றிக் களிப்போடு அக்காவுக்கு வீடியோ கோல் எடுத்து, பின்பக்கக் கமராவை வளவுப் பக்கம் திருப்பினேன்.

"என்னடா, அங்கை பனி கொட்டுதோ?" என்றாள் அக்கா.

பனி கொட்டுகிற நாட்டில் இருக்கிறவள் கேட்டாள். பார்த்தேன். முருங்கை, வேலி, வேலியோடு நின்ற அயலவரின் மாடு எல்லாம் ஒரு வெள்ளைப் படலத்துக்குப் பின்னால் ஆவிகள்போல் நின்றன. சேட்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். படலம் வெளியில் இல்லை, உள்ளே இருந்தது. ஈரம், மா, நாள் முழுவதும் அடித்த வெயிலின் சூடு. சேர்மானத்தை எண்ணிப் பார்த்தபோது எனக்கே விளங்கிவிட்டது. கமராவுக்குள் ஒடியல் கூழ் காய்ச்சியிருக்கிறேன்.

"இப்பிடித்தான் திருவிழாவும் தெரியுமோ?" என்று அக்கா கேட்டாள்.

"சீ, அதுக்குள்ளை சரிப்பண்ணிப் போடுவன்."

வேறு போன் இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இன்னொன்று உண்டு. மனைவியின் பட்டன் போன். அதை அவள் பெருமையாக வைத்திருக்கிறாள், விழுந்தாலும் அழாதாம். ஊரில் எத்தனையோ போன்கள் இருக்கின்றன. ஆனால் திருவிழா அன்று ஒவ்வொரு போனும் ஒவ்வொரு நாட்டுக்கு நேர்ந்துவிடப்பட்டது. ஒன்று கனடாவைப் பார்த்தபடி நிற்கும், ஒன்று சுவிஸைப் பார்த்தபடி. அதில் ஒன்றை இரவல் கேட்பது, தேர் வடம் பிடித்திருப்பவரின் இடத்தைக் கேட்பது மாதிரி. முன்பக்கக் கமராவால் காட்டலாம். காட்டலாம்தான், ஆனால் திரையைச் சுவாமிக்குத் திருப்பிவிட்டு நான் போனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எதைக் காட்டுகிறேன் என்று எனக்குத் தெரியாது. ஒத்திகை பார்த்ததில் அக்கா பாதி நேரம் ஒரு தென்னையின் அடிமரத்தைக் கண்டாள்.

யாழ்ப்பாணம் போனேன். பேரூந்து கடலுக்குக் குறுக்கே போட்ட வாணர் தாம்போதியில் ஏறியதும் சோளகம் கடல் தூறலை யன்னலால் எறிந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இன்னொரு கூழுக்கு எனக்குத் தெம்பில்லை. போன் திருத்துகிற கடையில் தலை நிமிர இடமில்லாமல் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக்காரரின் போன்கள் அவர் முன்னால் குவிந்து கிடந்தன.

"என்ன பிரச்சினை அண்ணை?"

"பின் கமரா போட்டுது" என்றேன். மாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. டொக்டரிடம் போய் வியாதியின் பெயரையும் நாங்களே சொல்லிவிடுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு.

"வைச்சிட்டுப் போங்கோ. பத்து நாள் செல்லும்."

"பத்து நாளிலை கொடியே இறக்கிப் போடுவினம்."

"எண்டால் சாமானைத் தாறன், ஆரையும் கொண்டு போடுவியுங்கோ."

நான் சொன்ன வியாதிக்கு அவர் மருந்து தந்தார். கைவிரல் நகமளவு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு கமரா. கூடவே தீக்குச்சி அளவில் ஒரு ஸ்குரூட்ரைவர். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். கறுப்பாக ஒரு கண், அதிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வால், வால் நுனியில் தங்க நிறப் புள்ளிகள். இந்தச் சின்னஞ்சிறு பிராணிக்குள்தான் கோபுரமும் குருக்களும் மேளகாரரும் போய்ச் சேர வேண்டும். எப்படிப் போகிறார்கள்? இத்தனை வருடம் படம் எடுத்திருக்கிறேன், ஒருநாளும் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. வந்தபின் அது போகவும் இல்லை. உண்மையைச் சொன்னால், வேலணை தாண்டும்போது அக்காவுக்காகத் திருத்துகிறேனா, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கத் திருத்துகிறேனா என்பது எனக்கே தெளிவில்லாமல் போயிற்று.

போனைத் திறப்பது எப்படி என்று போனிலேயே வீடியோக்கள் இருந்தன. இதில் ஒரு சிக்கல். திறப்பதற்கு முன் போனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வீடியோ இல்லை. ஆகவே பாடமாக்கினேன். சின்ன வயதில் தேவாரம் பாடமாக்கியதுபோல், கண்ணை மூடி, வாய்க்குள். 'முதலில் சூடாக்கு, பிறகு நெம்பு, பற்றரித் தொடுப்பை முதலில் கழற்று, பிறகே மற்றதெல்லாம்.' மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "மறந்துபோனால் நடுவிலை திருச்சிற்றம்பலம் சொல்லிப்போட்டு எழும்பலாம்" என்றாள்.

ஆறாம் திருவிழா அன்று காலையில்தான் நேரம் கிடைத்தது. அதற்கு முந்திய நாட்களில் சங்கத்தில் வருடக் கணக்கெடுப்பு. மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். யன்னலெல்லாம் சாத்தினேன், சோளகம் புழுதியைக் கொண்டுவரும் என்று. காற்றாடியை நிறுத்தினேன், திருகாணி பறக்கும் என்று. இவ்வளவு பாதுகாப்புக்குப் பிறகு அந்த அறைக்குள் பிழைத்திருப்பதே ஒரு சாதனை.

வீடியோக்காரர் முதுகு மூடியைச் சூடாக்க ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அதிலிருந்து வெந்த காற்று வந்தது. எங்களிடம் துப்பாக்கி இல்லை. இல்லாததே நல்லது. நான் ஸ்திரிக்கைப் பெட்டியை எடுத்தேன். மனைவி அதைப் பறித்தாள்.

"மூடியும் உருகி, கோயிலுக்குக் கட்டுற வேட்டியிலையும் ஒட்டும். நில்லுங்கோ."

சட்டியில் உப்பை வறுத்து, தடித்த துணியில் இறுக்கிப் பொட்டணமாகக் கட்டிக்கொண்டு வந்தாள். என் இடுப்புப் பிடிப்புக்குக் கொடுக்கிற அதே ஒத்தடம். முதலில் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தாள், பிறகு போனின் ஓரத்தில் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள்.

"உப்புக் கொட்டாமல் பாரும்" என்றேன். "மா ஏற்கெனவே போட்டாச்சு. உப்பும் விழுந்தால் மீனும் நண்டும்தான் பாக்கி."

"திருவிழா அண்டு வீட்டிலை மீன் கதை கதைக்காதையுங்கோ."

விளிம்பில் பழைய வங்கி அட்டை ஒன்றைச் செருகினேன். பசை பனம்பாணி இழுபடுவதுபோல் இழுபட்டு, மனமில்லாமல் விட்டது. ஒரு பக்க ஓரத்தில் மட்டும் பசையே இல்லை, முன்னரே விலகியிருந்தது. மா போன வாசல் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நின்றேன். அது எங்கே போய் இருந்தது என்று பார்க்கவில்லை. மூடியைக் கவிழ்த்து ஒரு பக்கம் வைத்தேன்.

உள்ளே பார்த்தபோது எனக்கு நயினாதீவு வள்ளம் ஞாபகம் வந்தது. திருவிழாக் காலத்தில் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்படுகிற வள்ளம். ஒரு விரலளவு இடமும் மிச்சமில்லை. ஒன்றின் மடியில் ஒன்று, அதன் தோளில் இன்னொன்று. நடுவில் ஏற்றிய சீமெந்து மூட்டைபோல் பற்றரி. மேல் மூலையில், உள்ளே இடம் கிடைக்காமல் கூரையில் ஏறிக்கொண்ட மூன்று பேர்போல் மூன்று கமராக்கள். ஒன்று அகலப் பார்ப்பது. ஒன்று வழக்கமாகப் பார்ப்பது. மாற்ற வேண்டியது அதைத்தான். மூன்றாவது ஏன் வந்தது என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியாது போல. ஆனால் எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

திருகாணிகள் கசகசாவுக்கு அண்ணன்முறை. கழற்றிய ஒழுங்கிலேயே காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் ஒட்டி வைத்தேன். பற்றரித் தொடுப்பை நகத்தால் கிளப்பினேன். குழந்தைச் சட்டையின் பிறெஸ் பட்டன்போல் டிக் என்று விட்டது. பிறகு கமராவின் வால். அதுவும் டிக். பழைய கமராவைக் கிளப்பி எடுத்தேன், புதியதை அந்தக் குழிக்குள் இருத்தினேன், வாலை அழுத்தினேன். இரண்டு தரம் வழுக்கி, மூன்றாம் தரம் டிக். இவ்வளவுதானா என்று இருந்தது. எழுந்து ஒருதரம் அறையைச் சுற்றி நடந்தேன். பார்க்க ஆளில்லாத வெற்றிக்கு நடைதான் ஒரே வழி.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் புதியதைச் சோதித்துப் பார்த்திருப்பான். வீடியோக்காரரும் அப்படித்தான் சொன்னார். பழையதை ஒரு பக்கம் வை என்றார். பழையது ஒரு பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். மனைவியின் தையல் ஊசியை எடுத்தேன்.

தகர உறையைக் கிழித்தால், உள்ளே தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். சுருளுக்கு நடுவில், பூசைக்கு வைத்த லிங்கம்போல், மிளகளவில் ஒரு வில்லை. ஊசியால் தட்டினால் அது மேலும் கீழும் ஆடியது. அப்போதுதான் விளங்கியது. கிட்டப் பார்க்கவும் எட்டப் பார்க்கவும் அது தன் இடத்தில் எழும்பி இருக்கிறது. எங்கள் கண்ணுக்கு நாங்கள் கண்ணாடியைக் கழற்றி மாட்டுகிறோம். இது கதிரையிலிருந்து அரைவாசி எழுந்து பார்க்கிறது. அதன் அடியில் ஒரு கறுத்தச் சதுரம். சாய்த்தால் மயில் நிறம் ஓடியது. எல்லாப் படமும் போய் விழுகிற முற்றம் அது. விரல் நுனியால் தொட்டேன். அந்த முற்றத்தில் இனி எதுவும் விழாது.

வில்லையைக் கழற்றிக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. துணியில் இரண்டொரு உப்புக் கல் சிந்திக் கிடந்தது. மூக்கு முட்டக் குனிந்தபோது திடீரென்று தெளிந்தது. உப்பு பெட்டி பெட்டியாக இருந்தது. சதுரப் பெட்டிகள், கண்ணாடியால் செய்து ஓரம் தேய்ந்தவை, ஒன்றன் மேல் ஒன்று அடுக்கியதுபோல். நாலு பக்கமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்த தீவில் பிறந்து, உப்பைத் தின்று, உப்புக் காற்றில் யன்னல் கம்பிகளைப் பறிகொடுத்து இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன். அது சதுரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

"இஞ்சாரும், ஓடி வாரும்!"

மனைவி மாக் கையோடு ஓடி வந்தாள், என்னை மின்சாரம் பிடித்துவிட்டதென்று. வில்லையைக் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்தாள். உப்பைப் பார்த்தாள், தன் பெருவிரல் ரேகையைப் பார்த்தாள், சீலை நூலைப் பார்த்தாள்.

"கயிறு மாதிரியெல்லோ இருக்கு" என்றாள். பிறகு, "இதிலை மங்கலே இல்லையே. கண்ணாடி மாதிரித் தெரியுது."

"ம்."

"இவ்வளவு வடிவாத் தெரியிற கண்ணாலை பின்னை ஏன் முருங்கை தெரியேல்லை?"

"அது... கிட்டப் பார்வை வேறை, எட்டப் பார்வை வேறை. அதிலை கணக்கு இருக்கு."

"ஓம், கணக்கு இருக்கும்" என்று சொல்லிவிட்டு மோதகம் அவிக்கப் போனாள். அவள் அப்படிச் சொல்கிற விதத்தில் ஒரு மனிதன் யோசிக்க வேண்டியது நிறைய உண்டு. நான் இன்னொரு உப்புக் கல்லைப் பார்த்தேன்.

மத்தியானம் திரும்பிவிட்டது. பற்றரியைத் தொடுத்து, மூடி போடாமலே போனை எழுப்பினேன். கமராவைத் திறந்தேன். அறை மூலையிலிருந்த சிலந்தி வலையின் ஒவ்வொரு இழையும் எண்ணக்கூடியதாகத் தெரிந்தது. கூவி மனைவியை அழைத்துக் காட்டினேன். கமராவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "உந்த வலையை முதல் அடியுங்கோ" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். திருகாணிகளை ஒழுங்குப்படி போட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. என் வாழ்க்கையில் நான் கழற்றிப் பூட்டியதில் ஒன்றும் மிஞ்சாத முதற் பொருள் இது. மூடியை வைத்து அழுத்தினேன். மறுபடி சிலந்தி வலையைப் பார்த்தேன்.

பனி கொட்டியது.

மூடியைக் கழற்றினேன். தெளிவு. மூடினேன். பனி. கழற்றினேன், மூடினேன். திறந்தால் தெரிகிறது, மூடினால் மறைகிறது. சைவ சித்தாந்தத்தில் இதற்கு நல்ல விளக்கம் உண்டு. போன் திருத்துகிற வீடியோவில் இல்லை.

கோயிலில் அபிசேக மணி அடிக்கத் தொடங்கியது. மனைவி குளித்து, கூறைச் சீலை கட்டி, மோதகப் பெட்டியோடு வந்து நின்றாள். உபயகாரர் சாரத்தோடு வேர்த்து ஒழுக இருந்தார்.

"என்னப்பா இன்னும்?"

"மூடினால் தெரியேல்லை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அக்காவுக்கு என்ன சொல்லுறது?"

அவள் மோதகப் பெட்டியை வைத்துவிட்டு மூடியைக் கையில் எடுத்தாள். புரட்டினாள். யன்னலைத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கமராக்கள் வெளியே பார்ப்பதற்கென்று மூடியில் ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. நான் வெளிப்பக்கத்தை மட்டும் நூறு தரம் துடைத்த கண்ணாடி. அதன் உட்பக்கத்தில், பானை விளிம்பில் காய்ந்ததுபோல், வெள்ளையாக ஒரு பொருக்கு.

"இஞ்சை கிடக்கு உங்கட கூழ்" என்றாள்.

என் மூக்குக் கண்ணாடித் துணியை நனைத்துத் தேய்த்தாள். ஊறிய மா உருண்டு உருண்டு வந்தது. உலர்த்தி, மூடியை வைத்தாள். சிலந்தி வலை தெரிந்தது. அதில் சிலந்தியும் தெரிந்தது.

ஆக, பழைய கமராவில் ஒரு பழுதும் இருக்கவில்லை. மூடியைக் கழற்றித் துடைத்திருந்தால் போதும். பழையது என் முன்னால் தகரமும் கம்பியும் வில்லையுமாகக் கிடந்தது. பிரேத பரிசோதனை தொடங்கும்வரை இறந்தவர் நல்ல சுகத்தோடு இருந்தார் என்று அறிக்கை எழுதலாம்.

"மூண்டு தரம் சொன்னனான் மா உள்ளை போகும் எண்டு" என்றாள் மனைவி. ஒரு தரம்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு நான் அதைத் திருத்துகிற நிலையில் இல்லை.

புதுப் பசை போட்டால் காய மணிக்கணக்காகும். திருகாணிகள் ஒட்டிக் கிடந்த பிளாஸ்டரை எடுத்து மூடியைச் சுற்றி ஒட்டினேன். கிணற்றடிக்கு ஓடி இரண்டு வாளி வார்த்து, வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் வரிந்து, வெறும் மேலோடு புறப்பட்டேன். கையில் காயப்பட்ட போன்.

கைத்தொலைபேசிகளை நிறுத்தவும் என்று கோயில் வாசலில் பலகை தொங்குகிறது. அதைத் தொங்கவிட்ட தர்மகர்த்தா அதற்குக் கீழே நின்று நோர்வேக்குக் கொடிமரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கோல் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பட்டுச் சீலை உடுத்தியிருந்தாள். நெற்றியில் திருநீறு. பொட்டு இல்லாத நெற்றியை நான் இன்னும் பழகவில்லை.

கமராவைத் திருப்பினேன்.

"தெரியுதோ?"

"தெரியுது" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஐயற்றை குடுமியிலை பூ இருக்கு" என்றாள்.

குருக்கள் தர்ப்பையை என் விரலில் போட்டுச் சங்கற்பம் தொடங்கினார். உபயகாரர் பெயர் கேட்டார், அக்காவின் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். எனக்கு மறந்துபோயிற்று, போனைத் திறக்கிற ஒழுங்கு முழுவதும் நினைவிலிருந்தது, அக்காவின் நட்சத்திரம் இல்லை.

"உத்தரட்டாதி!" என்று என் இடுப்புப் பக்கத்திலிருந்து டென்மார்க் சொன்னது. குருக்கள் போனைப் பார்க்காமலே தலையாட்டி, மந்திரத்துக்குள் சேர்த்துக்கொண்டார்.

வசந்த மண்டபத்துத் திரை விலகியது. மேளம் எழும்பியது. பிள்ளையார் பூவுக்குள் இருந்தார். அடுக்குத் தீபம் சுற்றியபோது முகம் ஒருதரம் வெளிச்சத்துக்கு வந்து போயிற்று. இரண்டு கையாலும் போனை உயர்த்திப் பிடித்தேன்.

"அண்ணை, கையைக் கொஞ்சம் பதியுங்கோ" என்றது பின்னால் ஒரு குரல். "கனடாவுக்கு மறைக்குது."

கொஞ்சம் பதித்தேன். அக்காவின் கட்டளைக்குக் காத்திருந்தேன். மேலை, கிட்ட, இடப்பக்கம், ஆர் அது முன்னுக்கு நிக்கிறது. ஒன்றும் வரவில்லை. கோல் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. திரையில் அக்கா இல்லை. ஒரு வெள்ளைக் கூரையும் அதில் ஒரு விளக்கும் தெரிந்தன. போனை மேசையில் படுக்கவைத்துவிட்டு எங்கோ போய்விட்டாளா, மயங்கி விழுந்துவிட்டாளா, இதய வருத்தக்காரி. பிறகு திரையின் கீழ் ஓரத்தில் கண்டேன். விரல் நுனிகள். இரண்டு கையின் நுனிகளும் சேர்ந்திருந்தன. போனுக்கு முன்னால் நின்று கும்பிடுகிறாள். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு கும்பிட ஏலாது என்று கீழே வைத்திருக்கிறாள்.

மேளத்துக்குள் அவள் குரல் மெல்லக் கேட்டது. அத்தான் இருந்தபோது படிக்கிற தேவாரம். அவர் பிழைவிடுகிற இடத்தில் அவளும் அதே பிழையை விட்டாள்.

நான் கும்பிடவில்லை. கை இரண்டும் உயரத்தில் இருந்தன, தோள் வலித்தது, பிளாஸ்டர் ஒரு பக்கம் வேர்வையில் விட்டுக்கொண்டு வந்தது. பெருவிரலால் அழுத்திப் பிடித்தேன். சுவாமி வெளிவீதி சுற்றியபோது பின்னோக்கி நடந்தேன், முகம் தெரிய வேண்டுமே. யாரோ என் முதுகைப் பிடித்து வழிகாட்டினார்கள். மனைவி என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. வீதி முழுவதும் அந்தக் கூரை என் கைக்குள் அசையாமல் இருந்தது.

சுவாமி திரும்ப வாசலுக்குள் நுழைந்து, திரை விழுந்தது.

"முடிஞ்சுதோடா?" என்று கூரை கேட்டது.

"ஓம் அக்கா."

"கையை இறக்கு. நோகும்."